மூடி திறந்ததும் வந்தது

பில்சுன்தான் மூடியைத் தூக்கினாள். நீலத் தொட்டியின் மேல் வைத்திருந்த கற்களை அவள் கணவர் தேசிக் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். ஓரகத்தி ஓக்சிம் பாயைச் சுருட்டி எடுத்தாள். மூடி ஒரு விரல் அளவு நகர்ந்ததுமே வாடை வந்துவிட்டது.

கருவாட்டுக் கொட்டகையில் வாடை புதிதில்லை. உப்பு ஏறிய மீனின் வாடை மூக்கைத் தொட்டுவிட்டு நின்றுகொள்ளும். இது தொண்டைக்குள் இறங்கியது. மேலடுக்கு மீன்கள் விறைப்பாக, வயிறு மஞ்சளாக, நன்றாகத்தான் இருந்தன. பில்சுன் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். அதன் வயிறு பிளந்து சினை அவள் விரல்களுக்கு இடையே வழிந்தது.

வெளியே பொப்சொங் துறைமுகத்தில் காற்று நின்றுபோய், பந்தல்களில் தொங்கிய மீன் கோர்வைகள் அசையாமல் இருந்தன. ஓக்சிம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் பில்சுனின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கையுறையைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் திணித்தாள்.

"எல்லை," என்றாள் பில்சுன் மெதுவாக. கண்ணை மூடி மூச்சு விட்டாள். திறந்தபோது அவள் முகம் துடைத்து வைத்த தட்டுபோல இருந்தது.

"பரவாயில்லம்மா. மீன்தானே போச்சு. நமக்குள்ள ஒண்ணும் போகல."

தேசிக் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "மீன்தானேங்கிற. சூசொக்குக்கு வெச்சிருந்த மீன் இது."

சூசொக் அறுவடைத் திருநாள். அதற்கு முந்தின வாரங்களில்தான் இந்த ஊரின் வருஷம் முழுவதும் நடக்கிறது. சம்பந்தி வீட்டுக்கும் முதலாளி வீட்டுக்கும் ஜனங்கள் பெட்டி கட்டி அனுப்புவது இந்த உப்புப் போட்ட கத்தாழை மீனைத்தான். அதிலும் பெரிய மீன் இப்போதெல்லாம் வலைக்கு வருவதே அபூர்வம். வசந்தத்தில் சினையோடு பிடித்து, குளிர்கிடங்கில் வைத்திருந்து, திருநாள் நெருங்கும்போது எடுத்து உப்புப் போட வேண்டும். அந்த வருஷத்துப் பெரிய மீன் அவர்களிடம் இருந்ததெல்லாம் அந்த ஒரு தொட்டிதான்.

*

எல்லை என்பது மன்றத்துச் சொல். மலைச்சரிவில் இருக்கும் பௌத்த வழிபாட்டு மன்றத்தில் சிலை கிடையாது. சுவரில் ஒரு வட்டம் மட்டும்தான். மனசு தானாக ஆடுவதில்லை, எதுவோ வந்து மோதும்போதுதான் ஆடுகிறது, அப்படி மோத வருவதற்குத்தான் எல்லை என்று பெயர் என்பார்கள். வந்ததும் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். நிற்க வேண்டும். உள்ளே என்ன எழுந்தது என்று பொய் இல்லாமல் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கையையோ வாயையோ அசைக்க வேண்டும்.

துறைமுகத்துப் பெண்கள் அந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டார்கள். பஸ் போய்விட்டால் எல்லை. மிளகாய் காயும்போது மழை வந்தால் எல்லை. புருஷன் தெருமுனையில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தால், "அதோ என் எல்லை தள்ளாடிக்கிட்டு வருது பாரு" என்பாள் பக்கத்துக் கொட்டகை மல்ஜா.

பில்சுன் அப்படி விளையாட்டாகச் சொல்கிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் தங்கள் மனசுக்கு என்ன வந்தது, எப்படிப் பார்த்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். பல வருஷங்களாக பில்சுன் சொல்வதற்காகவே சிலர் இருந்து கேட்டுவிட்டுப் போவார்கள். கொழுந்தன் செத்தபோது, தேசிக்குக்குக் கை இழுத்துக்கொண்டு பாதி சரியானபோது, புயல் பந்தலைத் தூக்கிக்கொண்டு போனபோது, ஒவ்வொன்றிலும் தன் மனசு ஆடியதையும் நின்றதையும் அவள் தாழ்ந்த குரலில் அடுக்காகச் சொல்வாள். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஓக்சிம் மன்றத்துக்கு வருவதில்லை. "எனக்கு மனசு ஆடினா கையும் சேர்ந்து ஆடும். பெயர் வைக்கிற வரைக்கும் அது நிக்காது," என்பாள்.

அவள் அன்மா தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் செத்த பிறகும் பின்கட்டு அறையிலேயே இருந்துகொண்டு கொட்டகையில் உப்புப் போட்டாள். கட்டைவிரலால் செவுளைத் திறந்து, சுண்டுவிரலால் உப்பைத் தள்ளி, மீனைத் திருப்பி வைப்பதற்குள் அடுத்த மீன் அவள் கையில் இருக்கும். பெரியதற்கு எவ்வளவு, சின்னதற்கு எவ்வளவு, புழுக்கத்தில் எத்தனை நேரம், காற்றில் எத்தனை நேரம் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் "மீனே சொல்லும்" என்பாள். குவாங்ஜுவிலிருந்து வரும் வியாபாரிகள் வண்டியை நிறுத்தியதும் முதலில் கேட்பது, "தீவுக்காரி கைப்பட்டதா?" என்றுதான். பில்சுன் கோர்வை கட்டினாள், விலை பேசினாள், காபி கலந்து கொடுத்தாள்.

*

அழுகியதை மிளகாய்த் தோட்டத்துக் குழிக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள். குளிர்ந்த பார்லித் தண்ணீரில் சோறு. கீற்றாகக் கிழித்த கருவாடு, மிளகாய் விழுதில் பிசைந்தது. இளமுள்ளங்கிக் கிம்ச்சி. கொட்டகையைக் கழுவியிருந்தும் வாடை போகவில்லை. தேசிக் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஓக்சிம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, திட்டுங்க."

"எதுக்கு?"

"பெரிய மீனுக்கு உப்பைக் குறைச்சுப் போட்டு மூடிட்டேன். சின்ன மீன் கணக்கு கையிலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மூடும்போதே ஒரு மாதிரி இருந்துச்சு, திறந்து பார்க்கலாம்னு நினைச்சேன், சோம்பேறித்தனம். திட்டுங்க."

"எனக்குக் கோபமே இல்லம்மா."

"எல்லைன்னு சொன்னீங்களே. ஏதோ வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. பார்த்தேன். போயிடுச்சு."

"எங்க போச்சு?"

தேசிக் சிரிக்கப் பார்த்து, இருவர் முகத்தையும் கண்டு நிறுத்திக்கொண்டார். "சாப்பிடும்போது என்ன இது? ஓக்சிம், நீ கிம்ச்சி எடுத்துக்கோம்மா."

"இல்ல மாமா, நான் தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். எனக்குக் கோபம் வந்தா அது அண்டாவுல போகும், கதவுல போகும், மல்ஜா அக்கா நாய் மேல போகும். அக்காவுக்கு வந்தது எந்த வழியாப் போகுதுன்னு இத்தனை வருஷமா நான் பார்த்ததே இல்ல."

"உன்னை நான் மன்னிச்சுட்டேன். அதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் பில்சுன்.

"அதைத்தான் அக்கா சாப்பிட முடியல," என்று சொல்லிவிட்டு ஓக்சிம் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை பில்சுன் தொட்டியைப் பற்றிச் சொன்னாள். மூடியைத் தூக்கியது, வயிறு பிளந்தது, கோபம் அடிவயிற்றிலிருந்து சூடாக ஏறியது, அதன் பெயரைச் சொல்லி நிறுத்தியது, ஓரகத்தியை அந்த இடத்திலேயே மன்னித்தது. மல்ஜா மூக்கை உறிஞ்சினாள். மின்விசிறி சுற்றி வந்து ஒவ்வொருவர் தலைமுடியையும் தூக்கிவிட்டுப் போனது.

துறவியம்மா புதிதாக வந்தவர். முப்பது வயதுகூட இருக்காது. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் இன்னும் கஞ்சி மடிப்போடு இருந்தன. யார் எதைச் சொன்னாலும் படித்து வந்த கேள்வி ஒன்றைக் கேட்பார். போன வாரம் பஸ் போய்விட்டது என்று சொன்னவளிடமும் அதையே கேட்டிருந்தார்.

"வந்தது கோபம்தானா அம்மா?"

"பின்ன என்ன துறவியம்மா, தொட்டி நிறைய மீன் அழுகிக் கிடந்தா சந்தோஷமா வரும்?" என்றாள் மல்ஜா.

எல்லோரும் சிரித்தார்கள். துறவியம்மாவும் காது சிவந்து சிரித்தார். பில்சுனும் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் அவள் வாய் அதே அகலத்தில் கொஞ்ச நேரம் இருந்தது.

இறங்கி வரும்போது மல்ஜா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியுமோ என்னமோ. ஓக்சிம்மை வளைவுக்கடை முதலாளி ஸியோ வேலைக்குக் கூப்பிட்டிருக்கான். நேத்து சாயங்காலம் அவன் கொட்டகையில நின்னு பேசிக்கிட்டு இருந்தா. அவ கையில தர்பூசணி ஒண்ணு. வாங்கிட்டாளா அவன் குடுத்தானான்னு தெரியல."

"எங்க வீட்ல தர்பூசணி வந்துச்சு."

"அப்ப அவன் குடுத்ததுதான். அவ என்னிக்குக் காசு குடுத்துப் பழம் வாங்கியிருக்கா?"

*

ஓக்சிம் ஒளிக்கவில்லை. மறுநாள் காலையில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து, தேசிக்கைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, நான் வளைவுக்கடைக்குப் போறேன். அறையும் அங்கேயே தர்றாங்களாம்."

"ஒரு தொட்டி போனதுக்கா? இந்த ஊர்ல தொட்டி போகாத வீடு எது? எங்கப்பா ஒரு தடவை மொத்தக் கொட்டகையையும் அழுக விட்டாரு. மூணு நாள் கப்பல்ல போய் ஒளிஞ்சுக்கிட்டாரு."

"தொட்டிக்காக இல்ல."

"பின்ன?"

ஓக்சிம் பில்சுனைத் திரும்பிப் பார்த்தாள். பில்சுன் வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏதாவது சொல்லேன்," என்றார் தேசிக் மனைவியிடம். "சூசொக்குக்கு இன்னும் நடுத்தர மீன் அவ்வளவும் உப்புப் போடணும். என் கை இந்த லட்சணத்துல இருக்கு. நீ உப்புப் போட்டா வியாபாரி வாங்குவானா? போனவன் போனவன்தான், அடுத்த வருஷம் வண்டியே இந்தப் பக்கம் திரும்பாது. கொட்டகையை மூடிட்டு நான் லைட்ஹவுஸ்ல போய் உக்கார வேண்டியதுதான்."

"அவ மனசுப்படி செய்யட்டும்," என்றாள் பில்சுன். "நான் தடுக்க மாட்டேன். எனக்கு வருத்தமில்ல."

ஓக்சிம் எழுந்தாள். "பார்த்தீங்களா மாமா, அக்காவுக்கு வருத்தமில்ல. கோபமில்ல. இந்த வீட்ல கோபப்படறதெல்லாம் நான் ஒருத்திதான். அக்கா பங்கையும் சேர்த்து நானே படறேன் போல. எனக்குக் கை வலிக்குது."

மதியத்துக்குள் அவள் துணிமூட்டையையும் தன் முக்காலியையும் சின்னத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போனாள். வண்டியின் ஒரு சக்கரம் கீச்சிட்டது. சத்தம் வளைவு வரை கேட்டது.

*

மழை வரும்போல இருந்து வராமல் போன பகல் ஒன்றில், பில்சுன் காலித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுகல் பிடித்த தொட்டியை உப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். கை வேலை செய்தது. மல்ஜாவின் சிரிப்பு காதில் இருந்தது.

வந்தது என்ன என்று பார்க்கலாம் என்று நினைத்தாள். இதற்கு முன் பார்த்ததே இல்லையா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பார்த்தேன் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

மூடி நகர்ந்தது. வாடை. அது முதலில். அப்புறம் கையை விட்டாள். மீன் குழைந்திருந்தது. வயிறு பிளந்தது. அப்புறம்?

அப்புறம் கோபம் என்றுதான் சொல்லியிருந்தாள். அடிவயிற்றிலிருந்து சூடாக ஏறியது என்றும் சொல்லியிருந்தாள். அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். சூடு எதுவும் ஏறவில்லை. மார்புக்குள் ஏதோ தளர்ந்தது. நாள் முழுவதும் இறுக்கிக் கட்டியிருந்த ஏப்ரன் முடிச்சை யாரோ பின்னாலிருந்து அவிழ்த்துவிட்ட மாதிரி. சினை விரல்களுக்கு இடையே வழிந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சுகம் வந்திருந்தது. தீவுக்காரியின் கை. அதுவும் தப்பியது.

சந்தோஷம். வேறு பெயர் இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் தேடினாள். இல்லை.

எல்லை என்று அவள் சொன்னது அந்தச் சந்தோஷத்தை மூடத்தான். மன்னித்தது இன்னும் இனிப்பாக இருந்தது. சந்தோஷத்தின் மேல் தேன் விட்டதுபோல. அதை ஞாயிற்றுக்கிழமை ஊரையே கூட்டி வைத்து இன்னொரு தடவை சாப்பிட்டிருந்தாள்.

கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்தாள். ஒரு கடற்காகம் கொட்டகை ஓரத்தில் நடந்து போனது. அழ வேண்டும் என்று தோன்றவில்லை. ஒன்று இருக்கிறது, அது அங்கே இருக்கிறது என்பதாகத்தான் இருந்தது. பாறை மேல் நத்தை இருப்பதுபோல. அதைத் தட்டிவிடவும் தோன்றவில்லை.

*

மறுநாள் மதியம் வளைவுக்கடைக்குப் போனாள். ஓக்சிம் கொட்டகைக்குப் பின்னால் குளிர்ந்த சோயாப் பாலில் போட்ட நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஐஸ் துண்டுகள் கிண்ணத்தில் மோதின.

"சாப்பிட்டீங்களா அக்கா?"

"ஆச்சு. ஒண்ணு சொல்லணும், அதுக்குத்தான் வந்தேன்."

"உட்காருங்க. அந்தப் பக்கம் ஈரம், இப்படி உட்காருங்க."

பில்சுன் நின்றுகொண்டே சொன்னாள். "அன்னிக்குத் தொட்டியைத் திறந்தப்ப எனக்குக் கோபம் வரல. சந்தோஷம் வந்துச்சு. உன் கை தப்பிடுச்சேன்னு."

ஓக்சிம் நூடுல்ஸை உறிஞ்சி முடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்தாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மூடியைத் தூக்கினதும் உங்க முகத்தைத்தானே பார்த்தேன். நான் பயந்துபோய்ப் பார்த்தேன். நீங்க சிரிக்கல. ஆனா கன்னம் இறங்கிடுச்சு. கல்யாண வீட்ல நல்லா சாப்பிட்டு முடிச்சவங்க முகம் மாதிரி. அப்புறம் கண்ணை மூடி எல்லைன்னீங்க."

"அதனாலதான் வந்துட்டியா?"

"அதனால இல்ல. யாருக்குத்தான் வராது? நான் உங்க கோர்வையைப் பார்த்து எத்தனை தடவை பொருமியிருக்கேன். முடிச்சு ஒண்ணுபோல நிக்கும். எனக்கு வராது. வந்ததுக்காக வரல அக்கா. அந்த முகத்தை வெச்சுக்கிட்டு என்னை மன்னிச்சீங்களே, அதுக்காக வந்தேன்."

பில்சுன் தலையாட்டினாள்.

"இப்ப சொல்லிட்டீங்க. லேசா இருக்கா?"

"இருக்கு," என்றாள் பில்சுன். அது உண்மை.

"எனக்குக் கனமா இருக்கே. தெரிஞ்ச விஷயம்தான். இருந்தாலும் வாயால கேட்டுட்டேன். இதைக் கொண்டுபோய் நான் எங்க வைக்கிறது?" ஓக்சிம்மின் குரல் உயர்ந்தது. உள்ளே யாரோ தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள். "உங்க வீட்டைப் பெருக்கிக் குப்பையை என் வாசல்ல கொட்டிட்டுப் போறீங்க. ஞாயித்துக்கிழமை இதையும் சொல்வீங்க. மல்ஜா அக்கா மூக்கைச் சிந்துவா. 'ஐயோ, பில்சுன் எவ்வளவு உண்மையானவ.' சொல்வீங்களா இல்லையா?"

பில்சுனுக்குக் கடற்கரைச் சாலையில் நடந்து வரும்போதே ஒரு வாக்கியம் தயாராகியிருந்தது. 'நான் கோபம் என்று நினைத்திருந்தேன், ஆனால்' என்று தொடங்கும் வாக்கியம். எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்பது உட்பட.

"சொல்றதா இருந்தேன்," என்றாள்.

ஓக்சிம் கிண்ணத்தைத் தூக்கி மீதிப் பாலைக் குடித்தாள். "போங்க அக்கா. எனக்கு வேலை இருக்கு."

*

ஞாயிற்றுக்கிழமை பில்சுனின் முறை வந்தபோது எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மல்ஜா கைக்குட்டையை மடியில் விரித்து வைத்திருந்தாள்.

"இந்த வாரம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் பில்சுன்.

"ஒண்ணுமேவா? ஓக்சிம் போயிட்டா, கொட்டகை காலியாக் கிடக்கு, உனக்கு ஒண்ணுமேயில்லையா?"

"இருக்கு. சொல்றதுக்கு இல்ல."

துறவியம்மா தன் கேள்வியைக் கேட்க வாயெடுத்து, கேட்காமல், அடுத்தவளைப் பார்த்தார். அடுத்தவள் மருமகள் ரைஸ் குக்கரை உடைத்ததைச் சொன்னாள். கூட்டம் முடிந்ததும் துறவியம்மா, "அம்மா, பாய் சுருட்ட ஒரு கை புடிங்க," என்றார். இருவரும் ஆளுக்கு ஒரு முனையாகச் சுருட்டி மூலையில் சாத்தினார்கள்.

திங்கட்கிழமை தேசிக் குளிர்கிடங்கிலிருந்து நடுத்தர மீனைக் கொண்டு வந்து இறக்கினார். வேறு ஆள் கிடைக்கவில்லை. பில்சுன் உப்பு மூட்டையைப் பிரித்தாள். கசப்பு நீர் வடிந்த போன வருஷத்து உப்பு. கையில் எடுத்தால் பிசுபிசுக்காமல் உதிர்ந்தது. செவுளைத் திறந்தாள். தள்ளினாள். பாதி கீழே சிந்தியது.

ஓக்சிம் என்றால் இதற்குள் ஒரு தட்டு மீனை முடித்திருப்பாள். அந்த நினைப்பு சுள்ளென்று வந்தது. பொறாமை. பில்சுன் அதைப் பார்த்தாள். எல்லை என்று சொல்லவில்லை. அடுத்த மீனை எடுத்தாள். வியாபாரி இந்த மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான். பயம். அடுத்த மீன். துறவியம்மா நான் பேசாமல் இருந்ததை மெச்சியிருப்பாரோ? இது கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. அதையும் பார்த்தாள். அடுத்த மீன். எதையும் துரத்தவில்லை, எதற்கும் நாற்காலி போடவுமில்லை. வெயில் கொட்டகைக்குள் நுழைந்து தொட்டியின் விளிம்பைத் தொட்டது. தேசிக் வெளியே குழாயால் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டு வேளையில் ஓக்சிம் வாசலில் வந்து நின்றாள். வளைவுக்கடை ஏப்ரன் கட்டியிருந்தாள். மூச்சு வாங்கியது.

"மல்ஜா அக்கா சொன்னா. நம்பல. நிஜமாவே நீங்கதான் போடறீங்களா?"

உள்ளே வந்து தொட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்தாள். செவுளை விரித்தாள்.

"இது உப்புப் போடற லட்சணமா? தொண்டை வரைக்கும் போகவே இல்ல. வாசல்லயே நிக்குது உப்பு. இதைப் பாருங்க, இதுக்கு ஒரு பக்கம் போடவே இல்ல. மேல மட்டும் சர்க்கரை தூவின மாதிரி. இப்படிப் போட்டா இதுவும் நாறிடும். கையில என்ன, கட்டியா முளைச்சிருக்கு?"

"உன்கிட்ட கேட்டேனா?"

தேசிக்கின் கையிலிருந்த குழாய் கீழே விழுந்து, தண்ணீர் தரையில் பாம்புபோல நெளிந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றாள் ஓக்சிம்.

"உன்கிட்ட கேட்டேனான்னு சொன்னேன்." பில்சுன் எழுந்து நின்றிருந்தாள். தன் குரல் இவ்வளவு தடிமனாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. "போனவ போனவளா இரு. ஊர்ல இல்லாத கை உனக்குத்தான்னு தூக்கி வெச்சு ஆடினோம். பெரிய மீனையும் சின்ன மீனையும் கையில பிடிச்சா தெரியாதா உனக்கு? சோம்பேறித்தனமாம்! ஏப்ரல் மாசக் குளிர்ல ஏலத்துல நின்னு நான் பொறுக்கின மீன் அது. ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, சினையைத் தடவிப் பார்த்து. போட்டிக்கு ஏலம் கேட்ட பெரிய கொண்டைக்காரிகிட்ட சண்டை போட்டு வாங்கினேன். குழியில கொட்டும்போது என் கையாலதான் கொட்டினேன். உனக்கென்ன, முக்காலியைத் தூக்கிக்கிட்டு கிளம்பிட்டே!"

பக்கத்துக் கொட்டகையில் மல்ஜாவின் ரேடியோ நின்றது.

ஓக்சிம் கையில் மீனோடு அசையாமல் நின்றாள். அவள் கழுத்து சிவந்திருந்தது.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்," என்றாள் கடைசியில்.

"அன்னிக்கு வரல. வேற ஒண்ணு வழியை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் வருது."

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"வரட்டும்." ஓக்சிம் கவிழ்த்துக் கிடந்த மீன்பெட்டி ஒன்றைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நானும் சொல்லுவேன். சும்மா கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்."

"உன்னை யாரு சும்மா இருக்கச் சொன்னா?"

ஓக்சிம் ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்தாள். "முதலாளி, நான்தான். மதியத்துக்கு மேல வர முடியாது. வயிறு சரியில்ல. ஆமா, காலையிலேருந்தே." போனை மூடினாள்.

"பொய் சொல்றே," என்றாள் பில்சுன்.

"இந்த மீனைப் பார்த்ததிலிருந்து வயிறு எரியுது. அதுல என்ன பொய்?"

"நாளைக்கு?"

"நாளைக்கு நானே நேர்ல போய்ச் சொல்லிட்டு, முக்காலியை எடுத்துக்கிட்டு வர்றேன். அறையையும் காலி பண்ணிடறேன். திட்டுவான். அவன் நல்லாத் திட்டுவான், உங்களை மாதிரி இல்ல." கையுறையை மாட்டினாள். "சுண்டுவிரலைக் கொடுங்க. கட்டைவிரல் திறக்கறதுக்கு மட்டும்தான், தள்ளறது இது. இப்படி. உள்ள ஒரு எலும்பு தட்டுதா?"

"தட்டுது."

"அதுக்கும் பின்னால."

பில்சுன் தள்ளினாள். உப்பு உள்ளே போய் நின்றது. அவர்கள் எதிரெதிராக உட்கார்ந்து ஒரு தட்டை முடித்தார்கள். இடையில் பில்சுன் புயலடித்த வருஷத்துப் பந்தலைப் பற்றி ஒன்று சொன்னாள். அதற்கு ஓக்சிம் காட்டமாக ஒன்று சொன்னாள். காற்று எழுந்து கோர்வைகள் ஒன்றையொன்று தட்டின. தன் மனசு அமைதியாக இருக்கிறதா என்று பில்சுன் திரும்பிப் பார்க்கவில்லை.

தேசிக் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். சட்டை முழுதும் நனைந்திருந்தது.

"சண்டை முடிஞ்சுதா? நான் உள்ள வரலாமா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு," என்றாள் பில்சுன், அடுத்த மீனை எடுத்தபடி. "நீங்க வாங்க."